அஞ்சறைப்பெட்டியில் இடமில்லாத கருஞ்சீரகம்

மதுரை கீழ மாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை எதிலாவது கால் மணி நேரம் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். வருகிறவர்களில் பலர் சாமான் பெயரையே சொல்வதில்லை. "அண்ணே, அந்த மூணையும் குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் எந்த மூன்று என்று கேட்காமல் மூன்று டப்பாவிலும் கையை விட்டு, தராசில் போட்டு, மூன்று பொட்டலமாகக் கட்டி நீட்டிவிடுவார். வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம். தனித்தனியாக வறுத்து, பொடித்து, ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெந்நீரில் ஒரு ஸ்பூன். சர்க்கரை இறங்கும், கொழுப்பு கரையும், மலச்சிக்கல் தீரும், முடி வளரும். இந்தக் குறிப்பு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் வரவில்லை என்றால், நீங்கள் குழுவை விட்டு வெளியேறி ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

நான் கருஞ்சீரகத்துக்கு எதிரி இல்லை. அதில் சரக்கு இருக்கிறது, சும்மா ஒன்றுமில்லை. என் வருத்தம் ஒரு சொல்லைப் பற்றியது. "சமையல் சாமான்தானே, என்ன பண்ணிடப் போகுது?" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது நம் ஊருக்குப் பொருந்தாத வார்த்தை. வங்காளிகள் சொன்னால் சரி. அவர்கள் வீட்டில் ஐந்து விதைகளைச் சேர்த்துத் தாளிக்கும் பஞ்ச் போரனில் அது தினமும் எண்ணெயில் பொரிகிறது. வடக்கே ஊறுகாயில் போடுகிறார்கள், 'நான்' ரொட்டியின் மேல் தூவுகிறார்கள். மதுரைப் பக்கம் எந்தப் பாட்டியின் அஞ்சறைப்பெட்டியிலாவது கருஞ்சீரகத்துக்கு ஒரு கிண்ணம் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம், அவ்வளவுதான். கருஞ்சீரகம் நமக்கு மருந்துக் கடையிலிருந்து வந்த பொருள். பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்டும்போதோ, தலையில் புண் வந்த பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சும்போதோ, பத்து ரூபாய்க்கு வாங்கி அன்றைக்கே தீர்த்துவிடுகிற பொருள். அதை மருந்தாகவே பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் அது எது என்பதிலேயே தகராறு. பெயரில் சீரகம் இருக்கிறதே தவிர, சீரகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சீரகம் கொத்தமல்லி, சோம்பு, ஓமம் எல்லாம் சேர்ந்த குடும்பம். கருஞ்சீரகம் வேறு குடும்பத்துச் செடி. தாவரவியலில் நைஜெல்லா சட்டைவா என்பார்கள். நைஜெல்லா என்பதே கறுப்பு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் கலோஞ்சி. அதே இந்தியில் காலா ஜீரா என்று இன்னொன்று உண்டு, பிரியாணிக்குப் போடுகிற, ஒல்லியாகக் கொஞ்சம் வளைந்த விதை. அது நிஜமாகவே சீரகத்தின் பங்காளி. ஆன்லைனில் 'பிளாக் ஜீரா' என்று தேடி வாங்கினால் எது வரும் என்பது விற்கிறவர் அகராதியைப் பொறுத்தது. போதாததற்கு ஆங்கிலத்தில் இதற்கு வெங்காய விதை என்றும் ஒரு தப்பான பெயர் உலவுகிறது. வெங்காய விதையும் கறுப்பாக, மூலையோடு, பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.

அடையாளம் சொல்கிறேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், மூன்று பக்கம் தெரிகிற மாதிரி கோணலான விதை, மேலே மினுமினுப்பு கிடையாது, சொரசொரப்பாக இருக்கும். நகத்தால் உடைத்தால் உள்ளே வெள்ளை. கறுப்பு எள் தட்டையாக, வழவழவென்று இருக்கும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் ஊதிக் கொழகொழவென்று ஆகும், இது ஆகாது. எல்லாவற்றையும் விட நல்ல சோதனை மூக்குதான்: நான்கு விதையை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கினால் ஓமமும் மிளகும் கலந்த மாதிரி ஒரு காரமான வாசம் வர வேண்டும். வாசமே வரவில்லை என்றால் பழசு, இல்லையென்றால் வேறு ஏதோ.

ஓம வாசம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஓமத்தின் வாசம் தைமால் என்ற பொருளால் வருவது. கருஞ்சீரகத்தின் முக்கியமான பொருள் தைமோகுவினோன். இரண்டும் ரசாயன அமைப்பில் நெருங்கிய சொந்தம். கருஞ்சீரகத்தைப் பற்றி உலகத்தில் நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தத் தைமோகுவினோனைச் சுற்றித்தான். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு எண்ணெய்தான், அதில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதாவது சூரியகாந்தி எண்ணெயில் இருக்கிற அதே சமாச்சாரம். தைமோகுவினோன் இருப்பது அந்தக் கெட்டி எண்ணெயோடு கலந்திருக்கும் ஆவியாகிற வாசனை எண்ணெயில். அந்த வாசனை எண்ணெயோ விதையின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்கிற அளவில்தான் தேறும். எந்த மண், எந்த ரகம், எவ்வளவு நாள் மூட்டையில் கிடந்தது என்பதைப் பொறுத்து இது ரொம்பவே மாறும். வெளிச்சம் பட்டால் அது வேறு பொருளாக மாறவும் செய்யும். நம் ஊருக்கு வருகிற விதை ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் மாதிரி குளிர்காலத்தில் பயிர் செய்கிற பக்கங்களிலிருந்து வருவது. மதுரை வெயிலில் கண்ணாடி ஜாடியில் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிற கருஞ்சீரகத்தில் என்ன மிச்சமிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்கள் இதை எதற்குக் கொடுத்தார்கள்? மருந்துப் பொருள்களின் குணம் சொல்லும் சித்த மருத்துவ குணபாடத்தில் கருஞ்சீரகத்துக்கு ஒரு வெண்பா உண்டு, சித்த மருத்துவம் படித்தவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். அதில் வருகிற நோய்ப் பட்டியலைப் பாருங்கள்: கரப்பான் என்ற தோல் நோய், புண், பீநசம் என்ற மூக்கடைப்பு நோய், காய்ச்சல், தலைவலி, கண்வலி. தோலும் தலையும் மூக்கும்தான். நீரிழிவு அந்தப் பாட்டில் இல்லை! சித்தர்களுக்கு நீரிழிவு தெரியாமல் இல்லை. ஆவாரை, நாவல் என்று அதற்குத் தனியாக மூலிகைகள் வைத்திருந்தார்கள். "சித்தர்கள் சொன்ன சர்க்கரை மருந்து" என்று கருஞ்சீரகப் பொட்டலத்தில் அச்சடிப்பவர்கள் அந்த ஒரு வெண்பாவையாவது படித்திருக்கலாம்.

முஸ்லிம்கள் வாழும் காஜிமார் தெருப் பக்கம் போய்க் கேட்டால் வேறு ஒரு மரபு. அரபியில் ஹப்பத்துஸ் ஸவ்தா, கறுப்பு விதை. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி பெரும்பாலான முஸ்லிம் வீடுகளில் தெரிந்த ஒன்று. தேனோடு சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக வருகிறது. அந்த நபிமொழிக்கு உரை எழுதிய பழைய அறிஞர்களிலேயே சிலர், எல்லா நோயும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, குளிர்ச்சி, சளி சம்பந்தமான நோய்களைத்தான் அது குறிக்கிறது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சளி, இங்கே பீநசம். இரண்டு மரபும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. ஆஸ்துமா உள்ளவர்களை வைத்து நடந்த சின்னச் சின்னச் சோதனைகளிலும் கொஞ்சம் நல்ல முடிவுதான் வந்திருக்கிறது. 2017-ல் வெளியான ஒன்றில் தினமும் இரண்டு வேளை 500 மில்லிகிராம் எண்ணெய்க் கேப்சூல் நான்கு வாரம் கொடுத்ததில், மருந்தில்லாத டம்மி கேப்சூல் சாப்பிட்டவர்களை விட இவர்களுக்கு மூச்சிரைப்பு கட்டுக்குள் வந்தது. 80 பேர், நான்கே வாரம் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள், இன்ஹேலரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

சரி, சர்க்கரைக்கு வருவோம், ஐம்பது கிராம் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குத்தானே வாங்குகிறார்கள். சவூதி அரேபியாவில் நடந்து 2010-ல் வெளியான ஒரு ஆய்வுதான் பலரும் மேற்கோள் காட்டுவது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 94 பேர். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாமல், கூடவே ஒரு பிரிவுக்கு தினம் 1 கிராம், இன்னொன்றுக்கு 2 கிராம், மற்றொன்றுக்கு 3 கிராம் கருஞ்சீரகம், மூன்று மாதம். 2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 56 புள்ளி இறங்கியது, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 1.5 அளவுக்கு இறங்கியது. பெரிய விஷயம்தான். 3 கிராம் கொடுத்தும் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை, 1 கிராம் பெரிதாக வேலை செய்யவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஒரு ஓட்டை: டம்மி கொடுத்து ஒப்பிட ஒரு பிரிவு கிடையாது. ஆய்வில் சேர்ந்துவிட்டோம், மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள் என்றாலே மனிதர்கள் இனிப்பைக் குறைத்துவிடுவார்கள், நாலு எட்டு நடப்பார்கள். எந்தப் பொடியும் இல்லாமலே சர்க்கரை கொஞ்சம் இறங்கும்.

அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2015-ல் வந்தது. 114 பேர், ஒரு பிரிவுக்கு 2 கிராம் கருஞ்சீரகம், இன்னொரு பிரிவுக்கு டம்மி, ஒரு வருஷம். கருஞ்சீரகப் பிரிவில் எச்பிஏ1சி 8.6-லிருந்து 8.2-க்கு வந்தது, டம்மி சாப்பிட்டவர்களுக்கு 8.2-லிருந்து 8.5-க்கு ஏறியது. அதாவது வேலை செய்கிறது, பொய்யில்லை. ஆனால் மூன்று மாதத்தில் 1.5 என்று வந்த கணக்கு, ஒப்பிட ஆள் வைத்து ஒரு வருஷம் பார்த்தபோது 0.4 ஆகச் சுருங்கிவிட்டது, டம்மிப் பிரிவுக்கு ஏறியதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 0.7-தான். 8.2 என்பது எந்த டாக்டரும் "பரவாயில்லை, போங்க" என்று அனுப்புகிற எண் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே கொண்டுவரத்தான் பார்ப்பார்கள்.

இப்போது அந்த மூன்று பொட்டலத்துக்குத் திரும்பலாம். 250, 100, 50, மொத்தம் 400 கிராம் பொடி. அதில் கருஞ்சீரகம் எட்டில் ஒரு பங்கு. ஒரு டீஸ்பூன் பொடி மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகிற கருஞ்சீரகம் அரை கிராம் கூட இல்லை. ஆய்வில் 1 கிராமே பெரிதாகப் பலன் காட்டவில்லை என்று இப்போதுதான் பார்த்தோம். 2 கிராம் கணக்கு வர வேண்டுமென்றால் தினம் ஐந்து ஸ்பூனுக்கு மேல் முழுங்க வேண்டும், வாய் வெந்துபோகும். அப்படியானால் "எனக்குக் குறைஞ்சுதே" என்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அந்தப் பொடியில் பாதிக்கு மேல் வெந்தயம். ஊற வைத்தால் வெந்தயத்தில் வழவழப்பு வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. மலச்சிக்கலுக்கும் அதுதான் உதவும். வயிறு உப்புசம் அடங்கினால் அது ஓமத்தின் கைங்கரியம். வேலை செய்தது வெந்தயம், பேர் வாங்கியது கருஞ்சீரகம்.

எங்கள் மாமா கதையைச் சொல்ல வேண்டும். செல்லூரில் இருக்கிறார், பதினைந்து வருஷச் சர்க்கரை. பொடி கசக்கிறது என்று ஆன்லைனில் கருஞ்சீரக எண்ணெய்க் கேப்சூல் வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், பாட்டிலில் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று போட்டிருந்தது. கிளிமிபிரைடு மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை, "மூலிகைதானே, அவர்ட்ட எதுக்கு?" என்றார். ஒரு நாள் பெரியார் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று சட்டை நனையுமளவு வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல். பக்கத்தில் நின்ற ஒரு பெண் விவரம் தெரிந்தவர், டீக்கடையில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தப்பித்தார். கேப்சூல் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அன்றைக்குக் காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டிருந்தார். ஆனால் கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் குணம் அதற்கே உண்டு. இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் அப்படி இறக்குவது அபூர்வம். இறக்குகிற மாத்திரையோடு இறக்குகிற இன்னொன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் சேர்த்தால், இரண்டும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் பார்க்க யாருமில்லை. அப்புறம் டாக்டரிடம் போனபோது அவர் திட்டவில்லை, சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழேயே கருஞ்சீரகத்தையும் ஒரு வரியாக எழுதிவிட்டு, ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். "என்ன மாப்ள, இதையும் மருந்துனு எழுதிட்டாரு" என்று வெளியே வந்து மாமா என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

மற்ற பலன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம்: 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் வருஷத் தொகுப்பில் மேல் அளவு மூன்று புள்ளி, கீழ் அளவு கிட்டத்தட்ட மூன்று புள்ளி இறங்கியது. உப்பைக் குறைத்தாலும் அவ்வளவு இறங்கும். கொழுப்பு: அதே வருஷம் 17 ஆய்வுகளின் தொகுப்பில் கெட்ட கொழுப்பு 14 புள்ளி இறங்கியது, நல்ல கொழுப்பில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை. கொரோனா: 2021-ல் சவூதியில் லேசான தொற்று வந்த 173 பேரிடம் பார்த்ததில், கேப்சூல் சாப்பிட்டவர்களில் 62 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் குணமானார்கள், சாப்பிடாதவர்களில் 36 சதவீதம், ஆனால் யாருக்கு மருந்து என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது, டம்மி இல்லை. புற்றுநோய்: தைமோகுவினோன் புற்றுச் செல்களைக் கொல்வது கண்ணாடித் தட்டிலும் எலியிலும். தட்டில் எதை ஊற்றினாலும் செல் செத்துவிடும், பினாயில் ஊற்றினாலும்தான். கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டு இதை நம்பி உட்காருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

யார் தள்ளியிருக்க வேண்டும்? வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கருஞ்சீரகமும் உறைதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் கிட்டவே போகக் கூடாது. அந்த மருந்தின் அளவை இது குறைத்துவிடுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. கல்லீரலில் பல மருந்துகளைச் செரிக்கிற நொதிகளையும் இது மந்தமாக்குகிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் பாட்டிகளே கறாராக இருந்தார்கள்: மாதவிலக்கு வரவழைக்கவும், பிள்ளை பிறந்த பிறகு பால் சுரக்கவும் கொடுத்த பொருள் அது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கவில்லை. 'நான்' ரொட்டியில் ஒட்டியிருக்கிற பத்து விதைக்குப் பயப்பட வேண்டாம், ஸ்பூன் கணக்கும் கேப்சூல் கணக்கும்தான் கூடாது. எண்ணெயை நேராகத் தோலில் தடவிக் கொப்புளம் வந்தவர்களும் உண்டு, முதலில் முழங்கைப் பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம்.

கேப்சூல் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் இதயம், கல்லீரல் படமெல்லாம் போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். உணவுத் துணைப்பொருளாக விற்கிறவர்கள் அதை அச்சடித்தே ஆக வேண்டும், உணவுப் பாதுகாப்பு விதி அது. நீரிழிவையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு சட்டம் தடை செய்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விற்கிறவரே சட்டத்துக்கு முன்னால் என்ன சொல்கிறார் என்று விளங்கும். சித்த மருந்தாகவே வேண்டுமென்றால், பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டு நாடி காட்டி வாங்கலாம். உங்கள் மாத்திரைப் பட்டியலை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.

எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விதையில் மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய், செக்கில் அதுவும் முழுதாக இறங்காது. ஒரு லிட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் விதை வேண்டும். அன்றைக்குக் கடையில் விதை என்ன விலை என்று கேட்டு, மூன்றரையால் பெருக்கி, ஆட்டுக்கூலியும் பாட்டிலும் சேர்த்துப் பாருங்கள். அதற்குக் கீழே யாராவது 'சுத்தமான கருஞ்சீரக எண்ணெய்' கொடுத்தால், பாட்டிலுக்குள் இருப்பது தேங்காய் எண்ணெயில் விதையைப் போட்டுக் காய்ச்சியதாகத்தான் இருக்கும். தலைக்குத் தேய்க்க அது போதும், அந்த விலை கொடுக்கத்தான் வேண்டாம்.

நான் போன வாரம் ஐம்பது கிராம் வாங்கினேன், மூன்றாக இல்லாமல் அது ஒன்று மட்டும்; கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். வங்காள நண்பன் சொல்லிக் கொடுத்த மாதிரி கடுகு எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து உருளைக்கிழங்கைப் போட்டுப் புரட்டினேன், வாசம் பிரமாதம். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தட்டை உற்றுப் பார்த்தாள். "ஏன்டா, கடுகைத் தீய விட்டுட்டியா?"